பிளேன் வந்தது, பிள்ளை ஏறவில்லை

வைதேகி,

நீயும் நிரோஷனும் புறப்பட்டுப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். உண்மை அதுவல்ல. பந்தல் பிரிக்க வந்தவர்கள் முற்றத்தில் கயிறுகளை அவிழ்த்தபடி உரத்துக் கதைக்கிறார்கள். மிஞ்சிய பலகாரத்தில் எந்த வீட்டுக்கு எது போக வேண்டும் என்று உன் அப்பா வேலிக்கு மேலால் எட்டி எட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கரவெட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் யார் நுழைந்தாலும் கலியாணம் இன்னும் முடியவில்லை என்றுதான் நினைப்பார்கள். நான் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஒரு மூலையைத் துடைத்து, அதில் இருந்து இதை எழுதுகிறேன். நீ வந்து இறங்கிய நேரத்திலிருந்து உன்னைப் பிடித்து இருத்திக் கதைக்க எனக்கு ஒரு பொழுதும் கிடைக்கவில்லை. நீ பனிக்குள் அகப்பட்டு நின்ற நாட்களில் இங்கே நடந்ததை ஆளுக்கொரு துண்டாக உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒருநாள் உன் பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

உன் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால் ஆரம்பத்தில் நான் "ஜியொலொஜி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றுவேன். எனக்கே சரியாகத் தெரியாது. பிறகு, நீ நோர்வேயில் படிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன், ஒரு பின்னேரம் தொலைபேசியில் எனக்கு அதைப் பொறுமையாக விளக்கினாய். அந்தாட்டிக்காவில் பனிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு சில மலைகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பனி இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு தடிப்பாக இருந்தது, அந்த மலைகளின் தோள்வரைக்கும், சிலவேளை தலைக்கு மேலாலும் நின்றது. எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எப்போது இறங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று சொல்லப் பனி இப்போது அங்கே இல்லை, ஆனால் கல் இருக்கிறது. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. வெளியே கிடக்கும் கல்லில் அவை பட்டால் கல்லுக்குள் ஒருவகை அணு சிறிது சிறிதாகச் சேருகிறது. பனி மூடியிருந்தால் சேராது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தக் கல்லை விட்டுப் பனி எப்போது விலகியது என்று தெரிந்துவிடும். நீ இதைச் சொல்லி முடித்தபோது நான் சிரித்துவிட்டேன். "ஏனம்மா சிரிக்கிறியள்?" என்று கேட்டாய். என் வாழ்நாள் முழுவதும் நான் செய்த வேலையை நீ மலையில் செய்கிறாய் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நான் வேலை செய்த காலமெல்லாம் நெஞ்சில் ஒரு சிறிய பட்ஜ் குத்தியிருப்பேன். எனக்கு எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அது தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். மாதம் முடிய அதை அனுப்பினால் அங்கே வாசித்துப் பார்த்துச் சொல்வார்கள். நீ முதலாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா உன்னை என்னிடம் கொண்டுவந்து விடுவார். நீ வெளியே மரவாங்கில் காலை ஆட்டிக்கொண்டு இருந்து, வருகிற நோயாளர் எல்லாரிடமும் என்ன உடைந்தது என்று விசாரிப்பாய். உனக்கும் ஒரு பட்ஜ் வேண்டும் என்று அடம்பிடித்தாய். மட்டையில் வெட்டி ஊசி குத்திக் கொடுத்தேன். அதைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய், கடற்கரைக்குப் போனாய், கோயில் தேருக்கும் போனாய். மாதம் முடிந்ததும் கழற்றி என் கையில் தந்து, "வாசியுங்கோ" என்றாய். நான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடற்கரையிலை கனநேரம் நிண்டிருக்கிறாய், தேரிலை ஐஸ்கிறீம் ரெண்டு குடிச்சிருக்கிறாய்" என்றேன். நீ வாயைப் பிளந்தபடி நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஐஸ்கிறீம் விசயத்தை அப்பா எனக்கு முன்னமே சொல்லியிருந்தார் என்பதை இப்போது உனக்குச் சொல்வதால் ஒரு நட்டமும் இல்லை.

நிரோஷனை நீ எங்களுக்கு அறிமுகப்படுத்திய நாளிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. நீர்வேலிப் பெடியன், கணிதம் படிப்பிக்கிறவன், வந்து இருந்ததும் உன் அப்பாவிடம் படகு எஞ்சின் பற்றிக் கேட்டான். உன் அப்பாவின் ஆட்கள் தலைமுறையாகப் பருத்தித்துறைப் பக்கம் கடலோடு கிடந்தவர்கள், அவர் அவர்களுடைய படகுகளின் எஞ்சினோடு கிடந்தவர். அவரிடம் யாரும் எஞ்சின் பற்றிக் கேட்டால் அந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் நிரந்தர இடம் உண்டு. நிரோஷனின் அப்பா, இப்போது உனக்கு மாமா, வேறு வகை மனிதர். வாழைத்தோட்டக்காரர், குறைவாகக் கதைப்பவர், சொன்ன சொல்லையும் குறித்த நாளையும் மாற்றாதவர். ஒரே மகன் பெண்சாதிக்குப் பின்னால் நோர்வேக்குப் போகப் போகிறான் என்பதை அவர் விழுங்கிக்கொண்டதே பெரிய காரியம். அதற்கு மேல் நீ மார்கழியில் அந்தாட்டிக்காவுக்குப் போய்த் தை பிறக்கத் திரும்பி வந்து தாலிக்குக் கழுத்தை நீட்டப் போகிறாய் என்றதும் அவர் தையில் ஒரு முகூர்த்தம் குறித்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் குலைகளைத் தெரிந்தெடுத்து அடையாளம் கட்டினார். பந்தல் வாசலில் கட்டவும் பந்தியில் வைக்கவும் தன் தோட்டத்து வாழைதான் என்று பிடிவாதம். எந்தக் குலை எந்த நாளில் முற்றும் என்று அவருக்குத் தெரியும், கலியாண நாளுக்கு என்று அவற்றைப் பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்து வளர்த்தார்.

பொங்கல் முடிந்த கையோடு உன் தொலைபேசி வந்தது. செய்மதித் தொலைபேசி, நீ சொல்வது எனக்குக் கேட்கவும் நான் சொல்வது உனக்குக் கேட்கவும் இடையில் ஒரு வெறுமை. பின்னால் காற்று கூடாரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, பிளேன் வந்திட்டுப் போட்டுது. நான் ஏறேல்லை."

"ஏன் பிள்ளை?"

"உச்சி மிச்சம் கிடந்தது. அடியிலையிருந்து கல் எடுத்துக்கொண்டு வந்தனாங்கள், உச்சியிலை மட்டும் எடுக்கேல்லை. அது இல்லாட்டி ஐஸ் மலையை மூடி நிண்டதோ, அரைவாசியிலை நிண்டதோ எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. பாதிப் பேர் முதல் பிளேனிலை போயிட்டினம். நான் அடுத்ததிலை வாறன் எண்டு நிண்டிட்டன். இப்ப புயல் பிடிச்சிட்டுது. அடுத்த பிளேன் எப்ப எண்டு தெரியாது."

"நிரோஷனுக்குச் சொன்னனியோ?"

"அவரிட்டைத்தான் முதல் கேட்டனான். ஏறிப் பார்த்திட்டே வாரும் எண்டவர்." பிறகு அந்த வெறுமை. பிறகு சிறிய குரலில், "அம்மா, கோவமோ?"

நான் கேட்டது இதுதான். "உச்சியிலை கல் இருந்ததோ?"

உன் குரல் அப்படியே மாறியது. காற்றையும் மீறிக் கத்தினாய். "இருந்தது அம்மா. அந்த மலை முழுக்கக் கறுப்புக் கல். உச்சியிலை ஒரு வெள்ளைக் கல், எங்கடை ஆட்டுக்கல்லளவு, தன்பாட்டிலை குந்திக்கொண்டிருக்குது. அந்த மலைக் கல்லே இல்லை. ஐஸ்தான் எங்கையோ இருந்து சுமந்துகொண்டு வந்து வைச்சிட்டு இறங்கிப் போயிருக்கு. அப்ப ஐஸ் அந்த உச்சிக்கும் மேலாலை நிண்டிருக்கு அம்மா." அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். கலியாணம் தவறப் போகிறது, ஊர் கதைக்கப் போகிறது, சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் வைதேகி, எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏன் என்று அந்த நேரம் எனக்கே விளங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டார். "இஞ்சை பாரும், எஞ்சினைக் கழட்டினவன் பூட்டாமல் எழும்பேலாது. பிள்ளை செய்தது சரி. சம்பந்தியாருக்குச் சொல்லுறதுதான் கஷ்டம்." வெளிநாட்டில் இருக்கும் உன் சித்தப்பா தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். பிளேனே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள், காலநிலைக்கு யார் என்ன செய்யலாம், யாருக்கும் தெரியவராது என்றார். கேட்க நல்ல வழியாகத்தான் இருந்தது. ஆனால் நீ அந்த வீட்டில் வாழப் போகிறவள். உன் முதல் அடியை ஒரு பொய்யில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் காலை நானும் அப்பாவும் ஓட்டோ பிடித்து நீர்வேலிக்குப் போனோம். வல்லை வெளியில் மழைவெள்ளம் இன்னும் வற்றாமல் கிடந்தது, காற்று ஓட்டோவைச் சரித்துக்கொண்டு அடித்தது.

உன் மாமா எங்களை வீட்டுக்குள் இருத்தவில்லை, நேரே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குலைகளைக் காட்டத்தான். இதரை, கதலி, கப்பல் என்று வரிசையாக, அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. "முகூர்த்தத்துக்குச் சரியா வரும்" என்று ஒரு குலையைத் தட்டிக் காட்டினார். அந்த இடத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. உன்னால் அந்த நாளுக்கு வர முடியாது என்றேன். அவர் கை குலையிலேயே நின்றது. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பிளேன் வரேல்லையோ, பிள்ளை வரேல்லையோ?"

மனிதர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். "பிளேன் வந்தது அண்ணை" என்றேன். "பிள்ளைதான் ஏறேல்லை."

பின்னால் வந்துகொண்டிருந்த உன் மாமி அப்படியே நின்றுவிட்டார். மாமாவின் முகம் இறுகிப் போனது. "கல்லுக்காகவோ?" என்று கேட்டார். "ஓம், கல்லுக்காகத்தான்" என்றேன். "இவ்வளவு சனத்துக்குச் சொல்லி, ஐயருக்குச் சொல்லி, பொன்னுருக்கப் பத்தருக்குச் சொல்லி, ஒரு கல்லுக்காகவோ?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்போது நிரோஷன் வாழைகளுக்குள்ளால் வந்தான். "அப்பா, அவ என்னட்டைக் கேட்டவ. நான்தான் நிக்கச் சொன்னனான். கோவிக்கிறதெண்டால் என்னோடை கோவியுங்கோ" என்றான். மாமா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்பிடி என்ன கல்லு அது? சொல்லுங்கோ, கேப்பம்."

நான் உன் மாமியைப் பார்த்தேன். முழங்கால் வலி என்று அவர் பல வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது படம் எடுத்தது நான்தான் என்பது நிச்சயதார்த்தத்தன்று தெரியவந்தது, உனக்கு நினைவிருக்கும். "அக்கா, உங்களுக்கு முழங்கால் படம் எடுக்கேக்கை வயித்துக்கு மேலை ஒண்டு போட்டு மூடினனான் எல்லோ?" என்று கேட்டேன். "ஓம், பாரமான துணி. ஈயம் எண்டு சொன்னனீங்கள். மூச்சு முட்டினது" என்றார். "அந்த ஈயத்துக்குக் கீழை கதிர் போகாது. அந்தாட்டிக்காவிலை ஐஸ்தான் ஈயம். மலை படுத்திருக்கிற ஆள். ஐஸ் கழுத்து வரைக்கும் மூடியிருக்கு எண்டு வையுங்கோ. பிறகு அது மெல்ல மெல்லக் கீழை இறங்குது. முதல் கழுத்து வெளியிலை வரும், பிறகு நெஞ்சு, பிறகு வயிறு. எது முதல் வெளியிலை வந்ததோ அதிலைதான் கூடுதலாக் கதிர் பட்டிருக்கும். ஒவ்வொரு உயரத்திலையும் கிடக்கிற கல்லை வாசிச்சால், எந்த உயரத்தை விட்டு ஐஸ் எப்ப இறங்கினது எண்டு தெரியும். உச்சிக் கல்லு இல்லாட்டி எங்கையிருந்து இறங்கத் தொடங்கினது எண்டு தெரியாது. அதுக்குத்தான் பிள்ளை நிண்டவ."

மாமி உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப ஈயத்தை எவ்வளவு கெதியா இழுத்ததெண்டும் தெரியுமோ?" என்று கேட்டார். வைதேகி, அந்தக் கேள்விக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அதுதான் கேள்வியே என்றேன். மாமா மட்டும் இளகவில்லை. "தெரிஞ்சு என்ன செய்யிறது?" என்றார்.

அதுவரை வாய் திறக்காமல் நின்ற உன் அப்பா அப்போதுதான் கதைத்தார். "சம்பந்தியார், அந்த ஐஸ் மலைக்கு மேலை நிண்ட காலத்திலை கடல் இவ்வளவு இல்லை. அவ்வளவு தண்ணியும் ஐஸாக் கிடந்தது. எங்கடை ஆக்கள் பாய் கட்டி ஓடின கடல் அப்ப தரை. இந்தியாவுக்கு நடந்து போயிருக்கலாம். ஐஸ் இறங்கித்தான் கடல் ஏறினது. இனியும் இறங்கினால் இன்னும் ஏறும். மலை உள்ள நாட்டுக்காரர் மலைக்குப் போவினம். நாங்கள் எங்கை போறது? இஞ்சை ஏறி நிக்க ஒரு மேடும் இல்லை." எஞ்சினைத் தவிர வேறெதைப் பற்றியும் உன் அப்பா இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. நீ சொன்னதையெல்லாம் மனிதர் எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். மாமா திரும்பித் தன் கிணற்றைப் பார்த்தார். கோடை வந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரவர உவர்ப்பாகிறது என்று நிரோஷன் முன்பு சொல்லியிருந்தான். அதற்குத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்புக் கூடியதும் காரணம், எல்லாவற்றையும் கடலின் தலையில் போட முடியாது, பிள்ளை வந்ததும் கேளுங்கள் என்றேன். "வரட்டும். கேப்பம்" என்றார். பிறகு, "தையிலை கடைசி முகூர்த்தம் எது எண்டு ஐயரிட்டைப் பார்க்கிறன். மாசியிலை எங்கடை வீட்டிலை செய்யிறேல்லை. அதுக்குள்ளை வராட்டி எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்றார். அவ்வளவுதான். நாங்கள் ஓட்டோவில் ஏறினபோது, முற்றிய குலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எங்கள் காலடியில் ஏற்றினார். "கொண்டுபோய்க் குடுங்கோ, இனி நிக்காது" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கலியாணம் தள்ளிப்போன செய்தியை நாங்கள் வீடு வீடாகச் சொன்னபோது கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தோம். துக்கச் செய்தி சொல்ல வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை, கேட்டவர்களாலும் முடியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் உன் அப்பா வானிலைக்காரராகிவிட்டார். தொலைபேசியில் நீ நின்ற இடத்துக் காற்றுப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விசைப்படகுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டுவார். அவர்களும் கடல் பார்க்கிற கண்ணால் அந்தாட்டிக்காவைப் பார்த்து, இந்தக் காற்று அடங்கி விழும், இது விழாது என்று வாதாடுவார்கள். எங்கள் வாசலில் நாளும் ஒரு கூட்டம். நான் தேநீர் ஊற்றி ஊற்றிக் களைத்தேன். சொந்தக்காரர் சிலர் வேறு விதமாகவும் கதைத்தார்கள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களும் கலியாணத்துக்கு வந்து வாழ்த்தினார்கள், வடையும் சாப்பிட்டார்கள்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத பகுதி. பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் நடக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தாலிக்கென்று பொன்னை உருக்கிவிட்டால் பிறகு பின்வாங்கல் இல்லை. கடைசி முகூர்த்தத்துக்கு முன்னான அந்த நாள் வந்தது. நீ இன்னும் பனிக்குள்தான். உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அப்பாவின் படகுக்காரர்கள்கூட அன்று காற்று விழும் என்று சொல்லத் துணியவில்லை. நீர்வேலியிலும் எல்லாரும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை பிளேனில் ஏறினது தெரிந்த பிறகு உருக்கலாம் என்று ஐயரே சொல்லியிருக்கிறார். நல்லநேரம் முடியப் போகிற நேரத்தில் மாமா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீங்கள் பிளேன் வரேல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன். ஏன் சொல்லேல்லை?"

"அது பொய் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தொலைபேசியை விலக்கிப் பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "உருக்குங்கோ. பிள்ளை வரும்." பிறகு என்னிடம், "அங்கை பந்தலுக்குக் கன்னிக்காலை நடுங்கோ" என்றார். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே குழி தோண்ட அலவாங்கோடு முற்றத்தில் நின்றார். பெண் ஊரில் இல்லாமல் கன்னிக்கால் நட்ட வீடு கரவெட்டியில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். அடுத்த நாள் விடிய உன் குரல் வந்தது. "அம்மா, காத்து விழுந்திட்டுது. பிளேன் இறங்குது, சத்தம் கேக்குது." எனக்குக் கேட்டதெல்லாம் இரைச்சல்தான். ஆனாலும் கேட்குது பிள்ளை என்றேன்.

கண்டம் விட்டுக் கண்டம் பிளேன் மாறி, கலியாணத்துக்கு முதல்நாள் காலை நீ வந்து படலையைத் திறந்தபோது உன் முகத்தைப் பார்த்து நான் பதறிப் போனேன். மூக்கும் கன்னமும் வெயிலில் கருகி உரிந்துகிடந்தன. கண்ணைச் சுற்றி, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. அலங்கரிக்க வந்த பிள்ளை உன்னைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எத்தனை பூச்சுப் பூசியும் மணவறையில் அந்த வெள்ளை வளையங்கள் தெரியத்தான் செய்தன. மாமா மணவறைக்குக் கிட்ட வந்து உன் முகத்தை உற்றுப் பார்த்ததும், பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, "மறைச்ச இடத்திலை படேல்லை, மறைக்காத இடத்திலை பட்டிருக்கு. கல்லிலையும் உதுதான் கணக்கு" என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். நீ தலை குனிந்து சிரித்ததை எல்லாரும் வெட்கம் என்று நினைத்தார்கள். தாலி கட்டும்போது உன் அப்பா மேளச் சத்தத்துக்குள் நின்று அழுதார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பந்தியில் வைத்த வாழைப்பழம் முழுவதும் நீர்வேலித் தோட்டத்துப் பழம்தான். முதல் குலைகள் போனால் என்ன, அடுத்த குலைகளை மனிதர் அன்றைக்கே அடையாளம் கட்டியிருக்கிறார்.

இனி ஒரு தாய் சொல்ல வேண்டியது என்று எதையாவது சொல்ல வேண்டும். எனக்கு ஒரேயொரு விசயம்தான் தோன்றுகிறது. நான் கலியாணம் செய்து வந்த புதிதில் உன் அப்பா இருண்ட முகத்தோடு எண்ணெய்க் கையோடு வருவார். நான் சாப்பிட்டீர்களா, ஏன் பிந்தியது என்று கேட்பேன். ஒரு சொல்லில் பதில் வரும், வீடு கனத்துப் போகும். ஒருநாள் கேட்கக் கேள்வி ஒன்றும் கிடைக்காமல், "எஞ்சின் ஓடினதோ?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு மனிதர் சோறு ஆறும்வரை கதைத்தார். அதிலிருந்து அதைத்தான் முதலில் கேட்பேன், மற்றதெல்லாம் பிறகு. நீ கோபமோ என்று கேட்டபோது உச்சியில் கல் இருந்ததோ என்று என் வாயில் வந்ததற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம். நிரோஷன் புது ஊரில், புதுப் பாசையில், பனியில் வழுக்கிக்கொண்டு ஒரு வேலை தேடப் போகிறான். அவன் எதன் மேல் ஆசை வைத்திருக்கிறான் என்று பார். பிந்தி வந்தாலும், சொன்ன நாளைத் தவறவிட்டாலும், அதைப் பற்றி முதலில் கேள். உனக்காக அவன் ஒரு கலியாணத்தையே தள்ளி வைத்தான். அவனுடைய உச்சி ஒன்று வரும், அப்போது நீ கீழே நின்று பொறுமையாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிரு. எனக்கு முன் அவனிடம் கேட்டாய் என்றபோது முதலில் கொஞ்சம் சுருக்கென்றது, மறைப்பானேன். இப்போது அதையே தொடர் என்கிறேன். எனக்கு இரண்டாவதாகச் சொன்னால் போதும், மூன்றாவதாக்கிவிடாதே. அந்தக் கல்லில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் தெரிய நாட்செல்லும் என்று சொன்னாய். செல்லட்டும். மாமியிடம் மட்டும் உடனே சொல்லிவிடு, நாளும் கேட்கிறார்.

இன்னும் எழுத இருந்தது. ஆனால் படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உன் மாமா. பின்னால் மாமி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார். மாமா முன்னமே நெல்லியடியில் நடைபாதைக் கடையில் வாங்கி வைத்ததாம் என்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிப் போட்டிருக்கிறார். நீர்வேலியிலிருந்து வல்லை வெளி தாண்டி, இந்தக் கொதிக்கிற வெயிலில், அதோடேயே ஓடி வந்திருக்கிறார். "என்ன சம்பந்தியார் உது?" என்று அப்பா கேட்கிறார். "கோடைக்கு நோர்வேக்குப் போறம் எண்டு பெடியனிட்டைச் சொல்லியாச்சு. நாலு பேரும்தான். ஐஸைக் கண்ணாலை பார்க்க வேணும். உடம்பு இப்பவே பழகட்டும்" என்கிறார் மாமா, வேர்வை வழிய. எங்களையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார், எங்களைக் கேட்காமலே. உன் அப்பா அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துத் தனக்கும் ஒன்று கிடைக்குமோ என்று விசாரிக்கிறார். மாமாவுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும், எழும்புகிறேன்.

உன் அம்மா